பிரவுன் சுகர் வாங்கப் போனேன்

12.11.2024, செவ்வாய்

பஞ்சநதம் மளிகையில் நாலு பேர் காது கேட்க, "பிரவுன் சுகர் அரைக் கிலோ கொடுப்பா" என்று கேட்டுவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, மெதுவா! அரைக் கிலோ பிடிபட்டா பேப்பர்ல நம்ம ரெண்டு பேரு போட்டோவும் வரும்" என்றான் பஞ்சநதம்.

அப்புறம்தான் உறைத்தது, பேப்பரில் அந்தப் பேரில் வருவது போதைச் சரக்கு. மகள் ஜாஸ்லின் கேட்டது கேக்குக்கு. வெட்கத்தில் நாட்டுச் சர்க்கரையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். ரெண்டும் பழுப்புதானே!

13.11, புதன்

ஜாஸ்லினுக்கு முதல் ஆர்டர். சனிக்கிழமை ஆனந்தம் டீச்சருக்கு ரிட்டயர்மென்ட் விருந்து, அதற்குத்தான் கேக். கேக் நன்றாக வந்தால் இதே தொழில், இதே நீடாமங்கலம். சொதப்பினால் என் தம்பி கிளாட்சன் பார்த்துவைத்த சென்னை வேலை. அப்படித்தான் பேச்சு. நாலு மாதமாகச் சென்னை, சென்னை என்று ஜெபமாலை உருட்டியவன் நான்தான்.

15.11, வெள்ளி

போச்சு! கேக் பஞ்சு மாதிரி வந்தது. மேலே ஊற்றும் பாகுதான் — கொதிக்கும் சர்க்கரையில் பாலை ஊற்றினாள், திரிந்துவிட்டது.

"பிரவுன் சுகர்னா வெள்ளைச் சர்க்கரையில கரும்புப்பாகு சேர்ந்ததுப்பா. இது வெல்லம்!" கண்ணில் தண்ணீர்.

மோட்டாருக்குக் காயில் கட்டுறவன்கிட்ட சர்க்கரைக்கு வம்சாவளி கேட்டா நான் எங்க போவேன்? பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டுட்டேனே.

என் வீட்டுக்காரி மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, பாயசத்துக்கு வெல்லம் கொதிக்கிறப்பவா பால் ஊத்துவோம்? ஆறட்டும். நீங்க சும்மா நிக்காம விசிறுங்க."

மிச்சச் சர்க்கரையைக் கரைத்து, மண் வடிகட்டி, கெட்டியாகக் காய்ச்சினார்கள். முக்கால் மணி நேரம் பாகுக்கு விசிறினேன். கட்டிய நாளாக அவளுக்கு ஒருநாள் விசிறியதில்லையாம். அதையும் கேட்டுக்கொண்டேன். ஆறிய பாலை ஊற்றினாள். திரியவில்லை!

16.11, சனி

மழை. ஆட்டோவில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம்.

17.11, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் டீச்சர் போன். "அந்தப் பாகு ருசி எந்தக் கடைக் கேக்லயும் இல்லடி. மருமக வளைகாப்புக்கு ரெண்டு கிலோ வேணும். அதே மாதிரி போடு."

ஜாஸ்லின் என்னைப் பார்த்தாள். "சித்தப்பாகிட்ட வேலை வேணாம்னு நீங்களே சொல்லிடுங்கப்பா."

"சொல்லித் தொலைக்கிறேன்" என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

நல்லவேளை நீ போகலைம்மா — அதை மட்டும் சொல்லவில்லை.