பிள்ளை இல்லாத சுத்தமான வீடு

நேற்று ஒடென்சேயில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பக்கத்தில் நின்ற வயதான பெண் ஒருவர் சின்னச் சுருட்டொன்றைப் பற்றவைத்தார். நீங்கள் காலமாகிச் சில கிழமைகள் ஆகிவிட்டன என்று தெரிந்திருந்தும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் சுருட்டு வாசம் எனக்குப் புதிதல்ல. ஆனால் கைப்பையிலிருந்து சுருட்டெடுத்த ஒரு பெண் உத்தியோகத்தரை முதலில் கண்டது டேனிஷ் நாட்டுக்கு நாங்கள் வந்த புதிதில், கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டு வாசலில், எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில்.

அது நீங்கள்தான். கொமூனிலிருந்து வந்திருந்தீர்கள். பிள்ளைகளின் நலனைக் கவனிப்பதும் பள்ளிக்கூடங்களுக்குச் செலவழிப்பதும் அந்த நகரசபைதான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. என் மகன் ரூபனுக்கு ஏழு வயது. வகுப்பில் வாயே திறப்பதில்லை. நினைத்தாற்போல் மேசைக்குக் கீழே பாய்ந்துவிடுவான். முழங்காலெல்லாம் நீலக் கண்டல். வீட்டில் அடி விழுகிறதோ என்று ஆசிரியைக்குச் சந்தேகம். அது உண்மையென்றால் பிள்ளையை வேறு ஊரில் ஒரு விடுதியில் வைத்துக் கவனிப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொமூனிலிருந்து ஆள் வருகிறது என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன விளங்கும்? வீடு பளிச்சென்று இருக்கவேண்டும், அவ்வளவுதான். ரூபன் எங்களோடு நிலத்தில் மெத்தை போட்டுப் படுக்கிறவன். அது குற்றமாகிவிடுமோ என்று பயந்து, என் கணவர் பக்கத்து வீட்டு மரியா அக்காவிடம் ஒரு புதுக் கட்டிலை இரவல் வாங்கிக் காவிவந்தார். விளையாட்டுச் சாமான்களை அலுமாரிக்குள் அடைத்தேன். உழுந்து ஊறப்போட்டு வடை சுட்டேன். கடைசியில் மரியா அக்கா ஒரு யோசனை சொன்னார்.

"பெடியன் நிண்டால் எல்லாத்தையும் உழக்கிப்போடுவான். கொமூன் ஆக்கள் போகுமட்டும் என்னட்டை விடு பிள்ளை."

எனக்கும் அது நல்லதாகவே பட்டது. பிள்ளையைப் பார்க்க வந்த உங்களுக்கு, பிள்ளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்ட ஆயத்தமாக நின்றோம்!

நீங்களும் நானும் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி. நீங்கள் கட்டிலைத் தொட்டுப் பார்த்தீர்கள். மெத்தைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை கழற்றாமல் கிடந்து சரசரத்தது.

"பிள்ளை எங்கே?"

"பக்கத்து வீட்டில்."

"ஏன்?"

"நீங்கள் வருகிறீர்கள் என்று."

உங்கள் முகம் இறுகியது. என் கணவர் உதவி செய்கிறேன் என்று, "சத்தம் போடுவான் எண்டு அனுப்பிப்போட்டம் எண்டு சொல்லும்," என்றார். நானும் அதை அப்படியே சொல்லிவைத்தேன். நீங்கள் வடையைத் தொடவேயில்லை.

ரூபனைக் கூட்டிவந்தோம். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். அப்போது பிலுண்ட் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று கூரைக்கு மேலால் இரைந்துகொண்டு வந்தது. ரூபன் மேசையை நோக்கிப் பாய்ந்தான். பாதியில் நின்றான். திரும்பி ஓடிவந்து உங்கள் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"வாங்கோ! கெதியா வாங்கோ!"

ஊரில் குண்டுவீச்சு விமானம் வந்தால் பங்கர்க் குழிக்குள் ஓடவேண்டும், வீட்டில் யார் நின்றாலும் கூட்டிக்கொண்டு ஓடவேண்டும் என்று பழக்கியிருந்தோம். இங்கே அவனுக்கு மேசைதான் பங்கர். முழங்கால் கண்டலும் அப்படிப் பாய்ந்து வந்ததுதான். உங்களுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. உங்கள் பருத்த உடம்புக்கும் முழங்கால் வருத்தத்துக்கும் அது லேசான காரியமுமல்ல. ஆனாலும் கோப்பையோடு குனிந்து மேசைக்குக் கீழே போனீர்கள். விமானம் போன பிறகும் அவனோடு அங்கேயே இருந்தீர்கள். நான் நின்ற இடத்தில் நின்று அழுதுவிட்டேன்.

மேலே வந்ததும் வடையை எடுத்துக் கடித்தீர்கள். "இந்தச் சத்தத்தைப் பற்றி ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டீர்கள். யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு என்று எனக்குக் கோபமும் வந்தது.

பிறகு நகரசபைக் குழுவில் நடந்ததை நீங்களே வந்து சொன்னீர்கள். பிள்ளையை விடுதிக்கு அனுப்பினால் செலவில் ஒரு பங்கை மாவட்டம் தரும். வகுப்பில் தமிழ் பேசும் உதவியாளர் ஒருவரை வைத்தால் முழுச் செலவும் பள்ளிக்கூடப் பணத்திலிருந்துதான் போகவேண்டும், அதற்கு அந்த வருடம் ஒதுக்கீடு இல்லை. பெற்றோர் அடிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டாராம். அதற்கு நீங்கள் சொன்ன பதில்: "பயந்தபோது அவன் தனக்கு மட்டும் ஒளிக்க இடம் தேடவில்லை. முன்பின் தெரியாத எனக்கும் இடம் தந்தான். இதை அந்த வீட்டில்தானே பழகியிருக்கிறான்?"

சம்மதம் கிடைப்பதற்குள் சுருட்டுப் பெட்டி காலியாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தீர்கள். ஓல்போர்க்கில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் உதவியாளராக வந்து வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். ரூபன் எங்களோடேயே இருந்தான். கோடை வருவதற்குள் வாய் திறந்தான். திறந்தது டேனிஷில்தான், இன்றுவரை மூடவில்லை.

ஒடென்சேக்கு வந்தபின் நானும் கொமூனில் சேர்ந்து, குடும்பங்களை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் வேலை செய்தேன். வீடு அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக இருந்து, பிள்ளையின் சத்தமே கேட்காவிட்டால் எங்கள் கிரின்ஸ்டெட் வீடு நினைவுக்கு வரும். உடனே ஒரு முடிவுக்கும் வரமாட்டேன். பிள்ளையைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, தருவதைக் குடித்துக்கொண்டு இருப்பேன். தேவையென்றால் நிலத்திலும் இருப்பேன். எழும்பும்போது முழங்கால் நோகும், உங்களை நினைப்பேன்.

நீங்கள் காலமான செய்தியை ரூபனுக்குப் போனில் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடமோ ஆசிரியையோ அவனுக்கு நினைவில்லை. உங்கள் பெயரும் நினைவில்லை. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவன், அன்று தமிழில் கேட்டான்.

"அம்மா, அவ என்னோட மேசைக்குக் கீழ வந்தவ எல்லோ?"

"ஓம் அப்பு," என்றேன். "அவதான்."