அவளுக்கு நான் என்ன வேணும்?

இன்று கம்பெனி லைனில் புது ஒயர் கட்டைப் பிரித்ததும் அந்த ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. வழக்கம்போல உன் பக்கம் திரும்பினேன். உன் இடத்தில் வேறொரு பெண் நின்று ஒயர் முனையை மாட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பாட்டுக்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு ஒரு மெயில் எழுதும் வேலையை வைத்துவிட்டாய்.

அப்பா இல்லாத உன் மகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிப்போக அவளுடைய பெரியப்பா ஓசூரிலிருந்து வருகிறாராம். அவள் பிறந்தபோதுகூட எட்டிப் பார்க்காத மனிதர். போகமாட்டேன் என்று அழுகிறாள். பிள்ளைப்பாக்கத்தில் நாம் மூவரும் இருந்த அறைக்கே அவளைக் கூட்டி வந்துவிட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வார்டன் கையை விரித்துவிட்டார். “அவளுக்கு நீங்க இன்னா வேணும்? அத இங்கிலீஷ்ல எழுதி மெயில் போடுங்க. கமிட்டி பாத்து சொல்லட்டும்.” நாளைக்குள் போட்டாக வேண்டும்.

பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு லைனில் நின்றவள் நீ. லீவு கேட்பதிலிருந்து கேன்டீன் சாம்பாரைத் திட்டுவது வரைக்கும் எங்களுக்கு நீதான் எழுதித் தருவாய். ஒருவருக்கு ஒருவர் என்ன வேணும் என்று சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளில் எதை எங்கே போடுவது என்று ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் கேட்டேன்.

“ரிலேட்டடுன்னா ரத்தம், இல்லாங்காட்டி தாலி. அசோசியேட்டடுன்னா கோட்டு போட்டவங்க கை குலுக்குறாங்க பாரு, அது. பேப்பர்ல லிங்க்டுன்னு போட்டா எவனோ கேஸ்ல மாட்டிக்கினான். கனெக்டடு மனுசனுக்கும் வரும், ஒயருக்கும் வரும்.”

“நம்மளுக்கு எதுடி?”

“நம்மளுக்கு இன்னும் கண்டுபுடிக்கல. மூடிக்கினு தூங்கு.”

இப்போது அதே பஸ்ஸில், ஷிப்ட் முடிந்து, போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரிலேட்டட் டு என்று போட்டால் பொய். நீ கோயிலுக்குப் போகிறவள், நான் மண்ணூர் சர்ச் குடும்பம், பெரியப்பா ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். அசோசியேட்டட் வித் என்றால் உன் பிள்ளைக்கு நான் ஏதோ சரக்கு சப்ளை செய்கிறவள்போல இருக்கிறது. கனெக்டட் வித் என்று அடித்தேன். ஒரு பிள்ளையைக் கேட்க இவ்வளவு போதுமா? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. உன்னைவிட்டால் நான் யாரைக் கேட்பேன்?

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவளுக்குக் காது குத்தினோமே. “மாமன் எங்கம்மா? மாமன் மடியில ஒக்கார வெச்சாத்தான் குத்துவேன்” என்று ஆசாரி அடம்பிடித்தார். உனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. என் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தாய். “இவதான் மாமன். குத்துங்க.” அவர் என் சுடிதாரையும் கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தார். “சர்தான்” என்று குத்தினார். பிள்ளை வலியில் என் கையைக் கடித்துவிட்டாள். நீயோ, “மாமன் சீர் எங்க?” என்று கை நீட்டினாய். பையில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் மாமாதான்.

போன ஞாயிறு அவளைப் பார்க்கப் போனபோது, “யாரு இவங்க?” என்று வார்டன் அவளையே கேட்டார். “எங்க மாமா” என்றாள். வார்டன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. “என்னக் கூட்டிக்கினு போ மாமா” என்று என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை நானே பிரித்துவிட்டு வந்தேன்.

அடித்ததையெல்லாம் அழித்துவிட்டேன். ‘ஐ ஆம் ஹர் மாமா’ என்று முதல் வரி போட்டு, காது குத்திய கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டேன். நீ இருந்தால் தப்பெல்லாம் திருத்தியிருப்பாய். முதல் வரியைத் தொட்டிருக்க மாட்டாய்.

பதில் இன்னும் வரவில்லை. கமிட்டி கூப்பிட்டு அத்தாட்சி கேட்டால் கொடுக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. கையில் அவள் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. அதைத்தான் காட்டுவேன்.