ஆள் மட்டும் நுழையும் கேட்

செப். 12, வெள்ளி

காலையிலேயே வெயில். பத்து மணிக்கெல்லாம் சட்டை நனைந்துவிட்டது.

இன்று:
பெஞ்சு போட இடம் குறிக்க.
நர்சரிக்குப் போன். புங்கன், வேம்பு. பூவரசு கிடைக்குமா?
கேட் வெல்டிங் பார்க்க.
செல்விக்கு மாத்திரை. (மறந்துவிட்டேன். ஏச்சு.)

நாகமலைக்குத் தெற்கே மச்சானின் புது சைட். செல்வியின் அண்ணன் என்பதால் லேஅவுட் வரைகிற வேலை என்னிடம். வேறு ஆள் என்றால் 'சார்' போட்டுப் பேசுவார். எனக்கு 'மாப்ள, நாளைக்கே வேணும்'.

லேஅவுட் வரைகிறவனுக்குப் பூங்கா என்றால் மிச்சம். சட்டப்படி பத்தில் ஒரு பங்கு நிலம் விட்டே ஆக வேண்டும். எதை விடுவது? விற்காததை. பள்ளம், மூலை, தெருக்குத்து. தெரு நேராக வந்து முட்டுகிற மனையை இந்தப் பக்கம் எவனும் வாங்க மாட்டான். அங்கே ஓர் ஊஞ்சலை நட்டுப் படத்தில் பச்சை அடித்துவிடுவோம். இத்தனை வருஷமும் பிழைப்பு அப்படித்தான்.

இந்த சைட்டில்தான் யோசித்து ஒன்று செய்தேன். மேற்கு ஓரத்தில் காலனிக்காரர்களின் பாதை போகிறது. காலனியிலிருந்து கண்மாய்க்கரைச் சுடுகாட்டுக்கு. அதைச் சுவர் வைத்து அடைக்கச் சொன்னார் மச்சான். "சுடுகாட்டுப் பாதையப் பாத்து எவன் மாப்ள வீடு கட்டுவான்?" அடைக்க வேண்டாம், பூங்காவுக்குள் சேர்த்துவிடுவோம் என்றேன் நான். வளைந்து வளைந்து ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் செடி, நோட்டீஸில் 'பசுமை நடை' என்று பேர். வாங்குகிறவனுக்கு வாக்கிங். காலனிக்குப் பாதை. "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார் மச்சான். ஆடி மாதம் காலனியிலிருந்து வந்து "பாதை இருக்கும்ல சார்?" என்று கேட்ட கோமதிக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஊராட்சியில் அவர் வார்டு மெம்பர். ஆக எல்லாருக்கும் நல்லவன்.

காலனிப் பக்க வாசலில் இன்று இசட் கேட் நட்டாயிற்று. இரும்புக் குழாய் வேலி மூன்று, இடமும் வலமும் மாற்றி மாற்றி. ஆள் வளைந்து நுழையலாம். பைக் நுழையாது, மாடு நுழையாது. போட்டோ எடுத்துச் செல்விக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.

செப். 13, சனி

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

கன்றுகள் வந்தன. பாதி வாடல். நர்சரிக்காரனிடம் சத்தம் போட்டேன்.

சாயங்காலம் கோமதி அந்தப் பக்கமாக வந்தார். கேட்டைச் சுற்றி வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"இது கழட்டி மாட்டுறதா சார்?"

"இல்லம்மா. அடியில கான்கிரீட். யானை வந்து முட்டுனாலும் அசையாது."

குழாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எங்க மாமனாருக்கு ரொம்ப முடியல சார். ரெண்டு நாளா பேச்சு இல்ல."

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"பாத்துட்டாங்க. வீட்டுல வச்சுக்கங்கன்னு அனுப்பிட்டாங்க."

பாவம் என்று சொன்னேன். கேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் எதற்கு மாமனாருக்குத் தாவினார் என்று யோசித்தபடியே வண்டியை எடுத்தேன்.

நாளை சைட் விசிட். வேன், பந்தல், பிரியாணி. தலைக்குச் சாயம் அடிக்கச் சொல்கிறாள் செல்வி.

செப். 14, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. பிரியாணியும் இறங்கவில்லை.

செப். 15, திங்கள்

எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாலு நாளில் நானே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

நேற்று பதினோரு மணி வாக்கில் பந்தல் நிறைந்திருந்தது. செல்லூரிலிருந்து, வில்லாபுரத்திலிருந்து, வேன் வேனாக ஆட்கள். நான் கையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மனை காட்டிக்கொண்டிருந்தேன். மேற்கே தப்புச் சத்தம். மச்சான் முகம் மாறிவிட்டது. "இன்னைக்குத்தானா சாகணும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கோமதியின் மாமனார்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "சார், அங்கிட்டுப் பாடையத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க. அந்தக் கேட்டுல நுழைய மாட்டேங்குது. மெயின் கேட்டு வழியா விட்டோம்னா சுத்தி வந்துருவாங்க. விடவா?"

அவர் கேட்டது என்னிடம். மச்சானும் என்னைப் பார்த்தார். விடுங்கள் என்று ஒரு வார்த்தை. மெயின் கேட் முப்பது அடி அகலம், திறந்தேதான் கிடந்தது. பந்தலை ஒட்டிப் போவார்கள், வந்தவர்கள் பார்ப்பார்கள், நாலு பேர் முன்பணம் தராமல் போவார்கள். அவ்வளவுதான். நான் கையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் கோமதி வந்தார். ஆள் நுழையும் கேட்தானே, நுழைந்து வந்துவிட்டார். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்த ஈரச்சேலை, அவிழ்ந்த தலை. பந்தலுக்குள் வராமல் தள்ளியே நின்று "சார்" என்றார். ஒரே தடவை. நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். போனில் யாரும் இல்லை. "ஆங், சொல்லுங்க, சொல்லுங்க" என்று வேறு சொன்னேன்.

நிமிர்ந்தபோது அவர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

பொட்டல் காடு, எல்லாம் தெரிந்தது. பாதி ஆட்கள் உள்ளே நுழைந்து வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே இருந்தவர்கள் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக் குழாய்களுக்கு மேலாகக் கொடுத்தார்கள். பாடை சாய்ந்தது. மாலை குழாயில் மாட்டி அறுந்தது. தப்பு நின்றுவிட்டது. கிழவரின் கை ஒன்று வெளியே வந்து தொங்கியது. கோமதியின் வீட்டுக்காரர் குழாய் மேல் ஏறி நின்று அந்தக் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். குழந்தையைத் தூளிக்குள் வைப்பது போல.

பக்கத்தில் இருந்த ஒருவர், செல்லூர்க்காரர், தறிப் பட்டறை வைத்திருக்கிறவர், கேட்டார். "ஏண்ணே, அது என்ன பாதை?"

"வாக்கிங் போறதுக்கு" என்றேன்.

செப். 16, செவ்வாய்

மாலையில் மழை, நல்ல இடி. கரண்ட் இல்லை.

ஆபீஸில் வேலை ஓடவில்லை. பழைய தாளில் கேட் அளவைக் குறித்தபோது எழுதியிருந்ததைப் பார்த்தேன். குழந்தை வண்டி, சரி. சக்கர நாற்காலி, சரி. புல் வெட்டும் மிஷின், மெயின் கேட் வழி. ஜோடியாக நடக்கிறவர்கள், ஒருவர் பின் ஒருவர். சுடுகாட்டுப் பாதைக்குக் கேட் போட்டிருக்கிறேன், பாடை என்று ஒரு வரி இல்லை. படித்தவன், லைசென்ஸ் வைத்திருக்கிறவன். தூ.

ஏன் தோன்றவில்லை என்று செல்வியிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா செத்தப்ப என்ன செஞ்சோம்? கண்ணாடி வண்டி, பேண்டு வாத்தியம், வெடி. மெயின் ரோட்டுல பஸ்ஸு லாரியெல்லாம் நின்னுச்சு. யாருகிட்டயாச்சும் வழி கேட்டமா?"

கேட்கவில்லை. என் அப்பாவுக்கும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பாடை எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், போகக் கூடாது என்று சொல்கிற பக்கத்தில்தான் நாங்கள் இருந்தோம். பாதையின் அகலத்தை யோசிக்கிற அவசியம் எங்களுக்கு வந்ததே இல்லை.

மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டுக்கு அது சரி. போனுக்கு?

செப். 17, புதன்

மச்சான் வீடு. காப்பி நன்றாக இருந்தது. அது வேறு எரிச்சல்.

கேட்டை எடுத்துவிடலாம் என்றேன். "எடுத்துட்டு?" என்றார். பாதையைப் பாதையாகவே விட்டுவிடலாம். பூங்காவுக்கு வேறு பக்கம் இரண்டு மனை ஒதுக்கினால் கணக்குச் சரியாகிவிடும். சிரித்தார். "மாப்ள, நீ வரையிற ஆளு. வரையி."

கடைசியில் அந்த வாசலிலேயே திறந்து மூடுகிற கேட் ஒன்றைப் பூட்டுப் போட்டு வைப்போம் என்று இறங்கி வந்தார். சாவி வாட்ச்மேனிடம். ஆனால் மூன்று நிபந்தனை. மேளம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூடாது. இரண்டு நாள் முன்னாடியே தகவல் சொல்லிவிட வேண்டும்.

"அம்புட்டுத்தான், பெருசா ஒண்ணுமில்ல. நீயே போயிச் சொல்லிரு. உன்னையத்தான் அவய்ங்க மதிக்கிறாய்ங்க."

சரி மச்சான் என்றேன். வாயைத் திறந்தால் இந்த இரண்டு வார்த்தைதான் வருகிறது.

செப். 18, வியாழன்

காலனிக்குப் போனேன். இத்தனை மாதத்தில் முதல் முறை. சைட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

கோமதி வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. நாற்காலி போட்டார்கள். யாரோ கடைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து சீல் உடைக்காமல் கையில் கொடுத்தார்கள். வீட்டுத் தண்ணீரே போதும் என்று சொல்லியிருக்கலாம். சீலைத் திருகிக் குடித்தேன்.

துக்கம் கேட்டேன். பிறகு நிபந்தனைகளைச் சொன்னேன். முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாவதைச் சொன்னதும் கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு நாள் முன்னாடியே சொல்லணுமா சார்?"

"ஆமாம்மா."

"செத்ததுக்கப்புறமா, சாகுறதுக்கு முன்னாடியா?"

பந்தலில் ஒருவர் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும். "யோவ் சித்தப்பு, நீ என்னைக்குன்னு சாருகிட்டச் சொல்லிரு, எழுதிக்கிருவாரு" என்று யாரோ ஒரு பெரியவரைச் சீண்டினார்கள். "போடா, ஞாயித்துக்கெழமதான் நமக்கு ராசி" என்றார் அவர். துக்க வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், அவர்களில் ஒருவன் மாதிரி சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கோமதி மட்டும் சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து சொன்னார். "திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கப் போறோம் சார். மனை போடுறவுக மேல. உங்க பேரு போடல."

"ஏம்மா?"

"பாதையே இல்லாமப் பண்ணியிருப்பாக, நீங்கதான் விட்டீக. அன்னைக்குக்கூட போன்ல இருந்தீக, எங்களக் கவனிச்சிருக்க மாட்டீக. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?"

கவனித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாரேம்மா என்று வண்டியை எடுத்தேன்.

செப். 20, சனி

நேற்று எழுதவில்லை. பல் வலி என்று படுத்துக்கொண்டேன். பல் வலி இல்லை.

அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, இல்லை எனக்கு ஒரு வழி விட்டாரா? பாடைக்கு நான் விடாத வழி. தெரியாமல் சொன்னார் என்றால் அவமானம். தெரிந்தே சொன்னார் என்றால் அதைவிட.

பீரோவில் தேடிப் பழைய புலப்படத்தை எடுத்தேன். வருவாய்த் துறை முத்திரை வைத்த நில அளவை நகல். பாதை அதில் இருக்கிறது, புள்ளிக்கோடாக, காலனியிலிருந்து கண்மாய்வரை. அதன் மேல்தான் நான் பச்சை அடித்தேன்.

செல்வி பார்த்துவிட்டாள். "இத எதுக்கு எடுக்குறீங்க?"

சொன்னேன். கோமதியின் மனுவோடு கொடுக்க. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேன்? தீவாளி வருது. தெரியும்ல?"

"தெரியும்."

"வேற யாரும் குடுக்க மாட்டாங்களா இந்தப் படத்த? தாலுகா ஆபீசுல கேட்டா கெடைக்காதா?"

கிடைக்கும். அலைந்தால் கிடைக்கும். அவர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று நேற்று முழுக்க நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன்.

வாங்க: பால், பிளேடு, படத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.

செப். 22, திங்கள்

மேகம். மழை இல்லை.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். வண்டியை நிறுத்த இடம் தேடுகிற சாக்கில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். செல்வி பேசவில்லை இன்று. ஆனால் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள்.

மனு எழுதிக் கொடுப்பவர் மரத்தடியில் மேசை போட்டிருந்தார். கோமதி, அவர் வீட்டுக்காரர், இன்னும் சிலர். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. படத்தை உறையோடு மேசையில் வைத்தேன். புள்ளிக்கோட்டைக் காட்டினேன். மனு எழுதுபவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்ல ஆதாரம். பாதைய மறிச்சுக் கேட்டு வச்சது யாரு?"

"மனை போடுறவுக" என்றார் கோமதி.

"அது எழுதிட்டேன்மா. வரைஞ்சு இங்கதான் வைக்கணும்னு ஒரு ஆள் குறிச்சிருப்பான்ல, இஞ்சினியரு மாதிரி? அவன் பேரு வேணும்."

"அது வேணாம்ணே" என்றார் கோமதி என்னைப் பார்க்காமல்.

என் பெயரைச் சொன்னேன்.

கோமதியின் வீட்டுக்காரர் அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவர் முழங்கையில் குழாய் கிழித்த காயம், இன்னும் ஆறவில்லை.

"இனிஷியல்?"

சொன்னேன்.

"ஊரு?"

"விளாங்குடி."

"தகப்பனார் பேரு?"

மேசையில் கிடந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடி கேட்டார், கொஞ்சம் சத்தமாக.

அப்பா பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.