மலை மாத்திரை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயலை. பாப்பாவுக்குச் சளி, பால் வேண்டாம்னு ஒரே ரகளை. 22 ஞாயிறு மாதேஸ்வரன் மலை, பாப்பாவுக்கு மொட்டை. கார் சொல்லணும். அவளுக்குப் புதுப் பாவாடை. எனக்கும் சௌம்யாவுக்கும் மலை மாத்திரை.

இந்த வீட்டில் அதுக்கு அப்படித்தான் பேர். மாசாமாசம் வர்றதைத் தள்ளிப் போடுற மாத்திரை. மலைக்குப் போற அன்னிக்கு யாரும் தூரமா இருந்துடக் கூடாதாம். மார்டள்ளியிலிருந்து அத்தை போன்: "நாள் பாத்து இப்பவே வாங்கி வெச்சுருங்க கண்ணு. கடைசில தவிக்க வேண்டாம்."

உனக்கு எப்போ தேதின்னு சௌம்யாவைக் கேட்டேன். என் நாத்தனார், இருபது வயசு, ஹெப்பாள்ல ஒரு கம்பெனியில வேலை, எங்களோட இருக்கா. "எனக்கு வேண்டாம் அண்ணி. போன மாசமே போட்டேன். அதான் இன்னும் வரலை."

போன மாசம் எந்த மலைக்குப் போனா?

கேட்டேன். அழுதா. பாப்பா அதைப் பார்த்து அவளும் அழுதா. அப்புறம் துண்டு துண்டா வந்தது. ஒரு பையன். ஒரே லைன்ல வேலை. அவன்தான் பயந்தானாம், இவ தைரியம் சொன்னாளாம், எங்க வீட்ல மாத்திரை இருக்குன்னு. ஃப்ரிட்ஜ் மேல, சிவராத்திரிக்கு வாங்கி மீந்த அட்டை.

"அதைப் போட்டா வராம நின்னுடும்ல அண்ணி? நின்னுட்டா அப்புறம் குழந்தை எப்படி?"

இவ பியூசி சயின்ஸ் படிச்சவ. நல்ல மார்க். "அந்தப் பாடம்?"னு கேட்டேன். "வீட்ல படிச்சுக்கோங்கன்னு மிஸ் பக்கத்தைத் திருப்பிட்டாங்க அண்ணி."

வயசுக்கு வந்ததிலிருந்து இவ கையில அட்டையைக் கொடுத்து முழுங்கு முழுங்குன்னு சொல்லியிருக்கோம். எதுக்குன்னு கேட்டா, சாமிக்கு. அது ரத்தத்தைத் தள்ளிப் போடும், கர்ப்பத்தைத் தடுக்காதுன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? வீட்ல ஒருத்தருக்கும் வாய் வரலை. அவளா ஒரு கணக்குப் போட்டிருக்கா. இவளைத் திட்டறதா, எங்களைத் திட்டறதா.

மாத்திரை இன்னும் வேலை செய்யுதுன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கா, பாவி.

ஜூன் 11, புதன்

மெடிக்கல்ல டெஸ்ட் கிட். கூட்டம் குறையட்டும்னு நின்னேன், குறையலை. கடைக்காரர் எல்லார் முன்னாடியும் பல்லைக் காட்டிக்கிட்டு, "ஏனு மேடம், குட் நியூஸா?" பக்கத்துல யாரு? எதிர்வீட்டு பாக்கியக்கா. அத்தைக்கு ஊர்க்காரி. போதாதா?

மலை மாத்திரை கேட்டா இந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்க மாட்டார். "எத்தனை அட்டை மேடம்?" அவ்வளவுதான்.

ரெண்டு கோடு.

சௌம்யா அதையே பார்த்துக்கிட்டு நின்னா. "கம்பெனி பஸ் போயிடும் அண்ணி"ன்னு சொல்லி பையை மாட்டிக்கிட்டா. நான்தான் பிடிச்சு உட்கார வெச்சேன்.

மதியத்துக்குள்ள அத்தை போன். "என்ன கண்ணு, எங்கிட்ட மறைக்கிற? பாக்கியம் சொல்லித்தான் தெரியணுமா? பாரம் கீரம் தூக்காத. இந்தத் தடவ பையனாப் பொறக்கட்டும், மாதேஸ்வரா."

இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா, அப்ப கிட் யாருக்கு?

"ஆமாங்க அத்தை"ன்னு சொல்லிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இவர் ஷிப்ட் முடிஞ்சு பேக்கரியில ஹனி கேக் வாங்கிக்கிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அத்தை இவருக்கும் போன் பண்ணியிருக்காங்க. டப்பாவைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், எனக்கு இல்லை, உங்க தங்கச்சிக்குன்னு.

"யாரு அவன்?"

அடுத்தது: "அம்மாவுக்குத் தெரியுமா?"

அடுத்தது: "நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த? உன்னை நம்பித்தானே இங்க விட்டிருக்காங்க."

நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேனா? உங்க ரெண்டு பேர் டிபன் பாக்ஸையும் கட்டிக்கிட்டு இருந்தேன். "அவ எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்"னு கத்தினேன். கேக்கலை. மொட்டை மாடிக்குப் போயிட்டார். பாப்பா கேக்ல பாதியைத் தரையில தேய்ச்சுட்டா.

ஜூன் 13, வெள்ளி

லீவு போட வெச்சு ஆஸ்பத்திரிக்கு. "மருமகளுக்குத் துணையா சௌம்யாவும் போறா"ன்னு பாக்கியக்கா தெரு பூரா சொல்லியாச்சு. நல்லதுதான். என் தாலிதான் எங்களுக்கு கேட் பாஸ்.

முதல் ஆஸ்பத்திரி. நர்ஸ் சீட்டைப் பார்த்துட்டு, ஹால் முழுக்கக் கேக்கற மாதிரி: "மதுவே ஆகிதெயா?" கல்யாணம் ஆயிடுச்சான்னு. ஒரு ஹால் தலை எங்க பக்கம் திரும்புச்சு. டாக்டரம்மா சௌம்யா முகத்தையே பார்க்கலை, எங்கிட்டதான் பேச்சு. "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. ரிஸ்க் எடுக்க முடியாது. பண்றதைப் பண்ணிட்டு வந்துடறாங்க."

"அவளுக்கு இருபது வயசு மேடம். அவ கையெழுத்தே போதும். சட்டம்."

"சட்டம் பேசறதுன்னா கோர்ட்டுக்குப் போங்க."

வெளியே வந்து ஆட்டோ கிடைக்கலை. மழை. சௌம்யா, "விடுங்க அண்ணி, வீட்டுக்குப் போயிடலாம்." போயி? போயி என்ன பண்றது? இப்படித் திருப்பி அனுப்பின பொண்ணுங்கல்லாம் அப்புறம் எங்கே போறாங்க, என்னத்தை முழுங்கறாங்க?

ரெண்டாவது இடம், சின்ன கிளினிக். அந்த டாக்டர் என்னைத்தான் முதல்ல வெளியே போகச் சொன்னாங்க. "நான் அவளோட அண்ணி"ன்னேன். "தெரியுதும்மா. வெளியே இருங்க." எனக்குச் சுருக்னு ஆச்சு. அப்புறம் யோசிச்சேன். இத்தனை நாள்ல அவகிட்ட மட்டும் பேசின முதல் ஆள்.

வெளியே வந்தவ முகம் கழுவியிருந்தா. ஸ்கேன்ல சின்னதுதானாம், கலைக்க மாத்திரையே போதுமாம். யோசிக்க டைம் கொடுத்திருக்காங்க. ஆணுறைன்னா என்னன்னு மேஜை மேல எடுத்து வெச்சே காட்டினாங்களாம். "இதை ஏன் அண்ணி யாருமே சொல்லலை?" எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் சொல்லலைடி. பி.எஸ்சி. முடிச்சவ நான்.

ஜூன் 16, திங்கள்

சனிக்கிழமை முதல் மாத்திரை. இன்னிக்கு மீதி. வயித்து வலி, வாந்தி, வெந்நீர் பை. மதியம் ரத்தம் ஆரம்பம். எவ்வளவு போனா பயப்படணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அவ்வளவு இல்லை. இருந்தாலும் எனக்குப் பயம். பத்து தடவை கேட்டிருப்பேன்.

அந்தப் பையன் போன் பண்ணினான். "அக்கா, நான் வரட்டுமா? எனக்கு நிஜமாவே தெரியாதுக்கா." கழுத்தை நெரிக்கணும்னுதான் போனை எடுத்தேன். குரல் கேட்டா இவனும் இன்னொரு ஒண்ணும் தெரியாத மண்டை. வராதேன்னு சொல்லி வெச்சுட்டேன்.

இவர் கதவோரம் வந்து நின்னார். "இளநி வேணுமா?"ன்னு தங்கச்சியைக் கேட்டார். சரி. அதையாவது கேட்டாரே.

பாப்பா பிளே ஸ்கூல் சார்ட் சுவத்துல ஒட்டினேன். கண், மூக்கு, வயிறு, முட்டி. வயித்துக்கும் முட்டிக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது இந்த நாட்டுல.

ஜூன் 21, சனி

பகல்ல எழுதறேன். வேற எதுவும் செய்யக் கை ஓடலை.

காலை பஸ்ல அத்தை வந்தாங்க. எனக்கு மாங்காய் ஊறுகாய், புளிச்சாதம். "உனக்குத்தான் இப்ப மாத்திர வேண்டியதில்லையே"ன்னு என் கன்னத்தைத் தடவினாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாளும் தடவினதில்லை. சௌம்யா சுருண்டு படுத்திருக்கறதைப் பார்த்தாங்க. தூரமான்னு கேட்டாங்க. ஆமான்னா. மடியிலிருந்து ஒரு அட்டை.

"பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன். இந்தா, ரெண்டாப் போடு. நாளைக்குள்ள நின்னுரும்."

"அவ அதைப் போடக் கூடாதுங்க அத்தை."

"ஏன், எப்பவும் போடறதுதானே? நீ என்ன டாக்டரா?"

நான் அட்டையைப் பிடுங்கிட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை. வாயைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள சௌம்யா எழுந்து உட்கார்ந்து, "அம்மா, உண்டானது அண்ணி இல்ல. நான். இப்ப இல்ல."

அத்தை முதல்ல செஞ்சது தெருக் கதவைச் சாத்தினது. அப்புறம் ஜன்னல். "பாக்கியத்துக்குத் தெரியுமா?" அப்புறம் எங்கிட்ட: "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே, மருமக முழுகாம இருக்கான்னு. எம்புள்ளையக் கெடுத்து, அதையும் மறைச்சு, எனக்கே பொய்யா? நீயெல்லாம் படிச்சவ."

படிச்சவதான் அத்தை. அதான் அவ உயிரோட உட்கார்ந்திருக்கா. சொல்லலை. இங்கே எழுதறேன்.

இவர் டிரைவருக்கு போன் பண்ணி கார் வேண்டாம்னுட்டார். பாப்பாவைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கார். ஓட்டம்.

அத்தை சௌம்யாவோட உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நான், தரையில. முதல்ல அழுகை. அது அத்தையோடது. இப்போ சௌம்யா குரல், நல்லா உரக்க:

"அண்ணியைத் திட்டாதம்மா. குழந்தை வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொன்னது நான்."

ஏதோ விழுந்த சத்தம். போறேன்.