ஏழாவது பெட்டி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மா படுத்திருக்கும் அறையில் சிமெண்டுத் தரை அங்கங்கே பெயர்ந்துவிட்டது. பாத்ரூமுக்கு நடத்திக்கொண்டு போகும்போது அவளுக்குக் கால் இடறுகிறது. போன வாரம் விழப்பார்த்தாள், நான் தாங்கிக்கொண்டேன். அவளை வைத்துக்கொண்டு தரையை உடைத்து டைல்ஸ் பதிக்க முடியாது. பள்ளத்தைப் பூசிவிட்டு, மேலேயே வினைல் என்கிற பிளாஸ்டிக் தரைத் துண்டுகளை ஒட்டலாம் என்று முடிவு செய்தேன்.

அறை பன்னிரண்டுக்குப் பத்து, நூற்றிருபது சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார் தரை போடுகிறவர். ஒரு பெட்டி இருபது சதுர அடிக்கு வரும், ஆக ஏழு பெட்டி என்றார். நான் விடுவேனா? மூலையில் அம்மாவின் இரும்புக் கட்டில் இருபது சதுர அடியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதற்கு அடியில் யார் நடக்கப்போகிறார்கள்? அதைக் கழித்தால் ஆறு போதும் என்றேன். கஞ்சன் என்று நீ சிரிப்பாய். சிரி.

அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம். "கட்டிலுக்கு அடியிலயும் போட்டுடுங்க. அது எப்பவும் அங்கேயே கெடக்கப்போகுதா? அப்புறம் எடுத்துட்டா அந்த இடம் மட்டும் மொட்டையாத் தெரியும்" என்றாள். காப்பியில் சர்க்கரை குறைகிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். தரை போடுகிறவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "கட்டில் அங்கதான் கெடக்கும், நீயும் அதுலதான் இருப்பே, ஆறே பெட்டிதான்" என்று கத்திவிட்டேன். உடம்பு முடியாதவளிடம் கத்துகிற ஆளா நான்? அவள் சிரித்தாள். என் கணக்கை அவள் என்றைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள்!

ஆனால் கடையில் அந்த நிறம் மறுபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். அவளிடம் சொல்லாமல் ஏழாக வாங்கிவிட்டேன். கட்டிலை நகர்த்தாமல், சுற்றி ஆறு பெட்டியையும் ஒட்டியாகிவிட்டது. ஏழாவது, உன் பழைய அலமாரிக்குப் பின்னால் பிரிக்காமல் இருக்கிறது. அந்தப் பக்கமே நான் போவதில்லை.

நேற்று என் தோளைப் பிடித்துக்கொண்டு இடறாமல் நடந்தாள். பாதி வழியில் நின்று, "ஏழாவதை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். எப்படித்தான் தெரிந்ததோ! "காலைப் பார்த்து வை" என்று நடத்திக்கொண்டு போனேன்.

பயமாக இருக்கிறது பாப்பா. லீவு கிடைத்தால் வருகிறேன் என்றாய். கிடைக்காவிட்டாலும் வா. வந்து அந்தக் கட்டிலில் அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் வந்துவிடு, பாப்பா.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா