இவருடைய அட்டமியும் அலாஸ்காக் காகங்களும்

1977 மே 12, வியாழன். பிளாக்டவுன்

காலையிலிருந்து தூறல். குளிர் தொடங்கிவிட்டது. பயறு வறுத்து, இடித்து, அரித்து, பயத்தம் உருண்டை. பிறகு தட்டை வடை, இவருக்குப் பிடித்த மாதிரி உறைப்புக் கூட. எண்ணெய்ப் புகையில் கண் எரிச்சல். எல்லாம் பெரிய பிஸ்கட் பேணிக்குள், மூடியைச் சுற்றி ஒட்டு நாடா. ஒரு மாதம் தாங்க வேண்டும்.

ஹோம்புஷிலிருந்து புனிதம் அக்கா போன். இவருடைய ஊர். சொந்தமில்லை, ஆனால் சிட்னியில் சொந்தம் மாதிரி இருக்கிற ஒரே ஆள். அதனால் பேசவும் உரிமை எடுத்துக்கொள்வார்.

"ஆண்டுத் திவசம் இன்னும் முடியேல்லை. அதுக்கிடையிலை கப்பல் பயணமோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

சிட்னியில் ஆக்கள் என்றால் அக்காவும் அவர் புருஷனும்தான். அதை நான் சொல்லவில்லை.

"அவர்தானே அக்கா புக் பண்ணினவர். ரெண்டு பேருக்கும்."

"அது அந்தாள் இருக்கேக்கை. திவசத்தண்டு நடுக்கடலிலை நிண்டால் காகத்துக்கு எங்கை போவீர்?"

நடுக்கடல் இல்லை. பஞ்சாங்கம் பார்த்தாயிற்று. வைகாசித் தேய்பிறை அட்டமி, ஜூன் எட்டு. அன்றைக்குக் கப்பல் அலாஸ்காவில் சிட்கா என்ற ஊரில் நிற்கும். கரை இருந்தால் காகம் இருக்கும். ஐயர், மந்திரம், எள்ளுத் தண்ணீர் எல்லாம் ஊரில் இவருடைய தம்பி பார்த்துக்கொள்வார். படைக்கிறது என் வேலை. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காகம் வந்து எடுத்தால் இவர் வந்து சாப்பிட்டுப் போனார் என்று வயிறு குளிரும். முப்பத்தோராம் நாள் பின்வளவில், உடுப்புக் கொடியில் இருந்த காகம் வைத்த உடனே வந்து எடுத்தது. இவருக்கு எப்போதும் பசி பொறுக்காது.

மறக்கக் கூடாதவை: கம்பளிக் காலுறை. தேயிலை. இவருடைய பெரிய கோட் (எனக்குத்தான்). காஸ் பூட்டு. எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொல்ல.

மே 14, சனி. கப்பல்

வெயில், காற்று. புறப்படும்போது எல்லோருக்கும் வண்ணக் காகிதச் சுருள் கொடுத்தார்கள். ஒரு நுனியைத் தாங்கள் பிடித்து மற்றதைத் துறைமுகத்தில் நிற்கிற தங்கள் ஆட்களுக்கு எறிகிறார்கள். கப்பல் விலக விலக ஒவ்வொன்றாக அறுந்தது. அழுகை, சிரிப்பு, பாண்டு வாத்தியம். என்னுடையது மஞ்சள். கோட் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அறையில் இரண்டு கட்டில். இரண்டையும் விரித்து வைத்திருக்கிறார்கள்.

மே 16, திங்கள்

ஆட்டம். வாந்தி. இஞ்சி பிஸ்கட் ஒன்று.

சாப்பாட்டு மேசையில் டோரிஸ் என்ற பெண்மணி. டப்போவிலிருந்து வருகிறாள். அறுபது இருக்கும், அவளும் புருஷனை இழந்தவள். நல்ல மனம், வாய் ஓயாது. அவளுடைய புருஷன் பெயர் கெவின். சூப் வருவதற்குள் பத்துத் தடவை கெவின். கெவினுக்கு இது பிடிக்கும், கெவின் அதைத் தொடமாட்டான்.

"உங்கள் கணவர் பெயர் என்ன, டியர்?"

"மிஸ்டர் பொன்னம்பலம்."

"அது குடும்பப் பெயர். நீங்கள் அவரை என்னவென்று கூப்பிடுவீர்கள்?"

"இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவேன் என்பதை எப்படிச் சொல்வது? பொன்னம்பலம் இவருடைய அப்பாவின் பெயர். ஆஸ்திரேலியாவில் நிரப்பிய பாரங்களில் அதையே என் தலையிலும் கட்டிவிட்டார்கள். இவருடைய சொந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, அக்காமார் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னால் புருஷனின் ஆயுள் குறையும் என்பார்கள். போன வருடம் சவ அடக்கம் செய்யும் கந்தோரில் பெயர் கேட்டபோது கூட உறையின் பின்பக்கத்தில் எழுதித்தான் காட்டினேன். அந்த மனிதன் நான் ஊமையாக்கும் என்று நினைத்துக் கையால் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னான்.

சொல்லாமல் காப்பாற்றிய ஆயுள் எங்கே போயிற்று?

டோ. என் கையைத் தட்டினாள். "பரவாயில்லை, டியர். எனக்கும் சில நாள் ஒன்றும் ஞாபகம் வராது."

மே 24, செவ்வாய்

ஃபிஜி தாண்டியாயிற்று. வெக்கை. ஒரு சட்டை தோய்த்தேன். மேல்தளத்தில் யாரோ ஒருவன் மனைவிக்கு முதுகில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். பார்க்காத மாதிரிப் போனேன்.

மே 24, மறுபடியும் செவ்வாய்

தேதிக் கோட்டைத் தாண்டுகிறோமாம், அதனால் அதே நாள் இன்னொரு முறை. எல்லோருக்கும் கொண்டாட்டம், தொப்பி, பலூன். "ஒரு நாள் சும்மா கிடைத்திருக்கிறது" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்கு எதற்கு இன்னொன்று? இருக்கிறதையே தள்ள முடியவில்லை.

இப்போது ஒரு குழப்பம். அலாஸ்காவின் எட்டாம் தேதி சிட்னியில் ஒன்பது. அட்டமி எந்தக் கணக்கில்? இவர் இருந்தால் பென்சில் எடுத்துப் படம் போட்டு விளக்கியிருப்பார், எனக்கு விளங்காது, கோபிப்பார். பிறகு தேத்தண்ணி கேட்பார். நான் எங்கே நிற்கிறேனோ அந்த இடத்து எட்டுத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 5, ஞாயிறு

மூட்டம். வான்கூவர் தாண்டிவிட்டோம். இருபுறமும் மலை, ஊசியிலை மரம். கடற்பறவை எத்தனையோ. காகம் ஒன்றும் காணவில்லை.

சிட்காவில் இறங்கியதும் என்ன செய்யலாம் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். மீன் பிடிக்கலாம். சின்ன விமானத்தில் சுற்றலாம். "கிளிங்கிட் மக்களின் நடனம், மரத்தூண்கள், காட்டுப் பாதை." அந்த ஊரின் பூர்வீக மக்களாம். டோ. நடனத்துக்கு. நானும் பெயர் கொடுத்தேன். எனக்கு வேண்டியது காட்டுப் பாதை.

பேணியைத் திறந்து மணந்து பார்த்தேன். காறவில்லை.

ஜூன் 8, புதன். சிட்கா

தூறல். பிளாக்டவுனில் விட்டுவிட்டு வந்த அதே தூறல். குளித்து, வெள்ளைச் சேலை, மேலே இவருடைய கோட். காலைச் சாப்பாடு வேண்டாம் என்றேன். "உடம்புக்கு என்ன, டியர்?" விரதத்தை ஆங்கிலத்தில் விளக்க அலுப்பு. டயட் என்றேன். டோ. என் வயிற்றைப் பார்த்து, நல்லது என்றாள்.

படகில் கரை, பிறகு பஸ். வழிகாட்டிப் பொடியன் ஒலிபெருக்கியில்: இந்த மக்கள் எல்லோரும் இரண்டு பக்கம். காகப் பக்கம், கழுகுப் பக்கம். பிள்ளை தாயின் பக்கம். காகம் காகத்தைக் கட்டக் கூடாது, கழுகைத்தான் கட்டலாம். பஸ்ஸில் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மச்சான் மச்சாள் முறைதானே. சிரிப்பு வந்தது, இவரிடம் சொல்லத் திரும்பினேன், பக்கத்தில் டோ. குடையோடு.

பெரிய மரவீடு. முன்சுவர் முழுக்கச் சித்திரம், கண் கண்ணாக. கறுப்பும் சிவப்புமான கம்பளிப் போர்வை போர்த்தி ஆடினார்கள், ஓரமெல்லாம் முத்துப் பொத்தான். முகத்தைக் காட்டி வரவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். தாங்கள் யார் என்பது முதுகில் தைத்திருக்கிறது, முதலில் அதைப் பார் என்று. சின்னப் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை. ஒரு பறை. கமராக்கள் கிளிக் கிளிக். எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது, யாருடைய வீட்டுக் கலியாணத்திலோ அழைக்காமல் புகுந்ததுபோல.

ஆட்டம் முடிந்து எல்லோரும் சாமான் வாங்கப் போனார்கள். நான் பேணியோடு வீட்டுக்குப் பின்னால், மரங்கள் தொடங்குகிற இடத்துக்கு. வாழையிலைக்கு எங்கே போவது? கப்பலில் எடுத்த காகிதத் தட்டு. இரண்டு வடை, இரண்டு உருண்டை. கைகூப்பிவிட்டுக் கூப்பிட்டேன். கா, கா.

இருந்தன! மேலே கிளையில் மூன்று. நாங்கள் அண்டங்காகம் என்கிற இனம், கன்னங்கரேலென்று கோழியளவு. தொண்டைக்குள் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தலையைச் சரித்து என்னைப் பார்த்தன. வரவில்லை.

தள்ளி நின்றேன். வரவில்லை. இன்னும் தள்ளி. ஒன்று பறந்தே போய்விட்டது.

காகம் தொடாவிட்டால் போனவருக்குக் குறை என்றுதான் அர்த்தம். மரத்தைப் பார்த்துக் கேட்டேன். "என்ன குறை உங்களுக்கு? நான் தனிய வந்தது பிழையோ? நீங்கள்தானே பனிமலை கடலுக்குள்ளை விழுறதைப் பாக்க வேணும் எண்டு சொன்னனீங்கள்." பறவைகளுக்குத் தமிழ் தெரியவில்லை. அழுதேன். ஒரு வருடமாக வீட்டுக்குள் அழுததெல்லாம் கணக்கில்லை, இது வேறு அழுகை.

"நீங்கள் நிற்கும்வரை அவை இறங்காது."

பின்னால் ஒரு பெண். ஆடினவர்களில் ஒருத்தி. போர்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில், சிகரெட்டோடு. என் வயதுதான். பெயர் மார்த்தா.

"யாருக்குச் சாப்பாடு?"

"என் கணவருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கும் என்று உறைத்தது.

அவள் சிரிக்கவில்லை. சிகரெட்டை அணைத்தாள். "எப்போது போனார்?"

"ஒரு வருடம்."

"நாங்களும் ஒரு வருடம் போனதும்தான் கொடுப்போம்." பிறகு நிதானமாகச் சொன்னாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. ஒரு கழுகு இறந்தால் காகப் பக்கம்தான் எல்லா வேலையும் செய்யும். வருடம் முடிந்ததும் கழுகுகள் விருந்து வைத்து, போனவருக்குப் பிடித்ததைக் காகங்களுக்குக் கொடுப்பார்கள். காகங்கள் சாப்பிட்டால் அவருக்குப் போய்ச் சேரும். "பறவை இல்லை. ஆட்கள்." போர்வையை விரித்து முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். பொத்தானால் தைத்த பெரிய காகம். "நான் காகம்."

தட்டை எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். சத்தமாக. பெயரைச் சொல்லாமல் தந்தால் யாருக்கென்று எப்படித் தெரியும்?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். முப்பது வருடத்தில் சொன்னதில்லை என்றேன். யோசித்தாள். தன் புருஷனும் போய்விட்டாராம், கழுகுப் பக்கம். அவருடைய பெயரை இப்போது அவருடைய தங்கையின் மகளுக்குப் பிறந்த பையன் வைத்திருக்கிறானாம். "காலையில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடும்போது இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன். உங்களில் யார் வைத்திருக்கிறார்கள்?"

"எங்களுக்குப் பிள்ளையில்லை."

"அப்போது நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள்" என்றாள்.

பஸ் ஹார்ன் அடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. நான் சொன்னேன். முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் சத்தமாக. அவள் பிழையாகத் திருப்பிச் சொன்னாள், நான் திருத்தினேன், மறுபடி சொன்னாள். ஆக, காற்றாய்ப் போனதோடு சேர்த்து அந்தப் பெயர் என் வாயில் மூன்று முறை. இங்கே எழுத இன்னும் கை வரவில்லை.

வடையை முழுதாகக் கடித்துச் சாப்பிட்டாள். உறைப்பில் கண்ணீர், இருமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததையும் சாப்பிட்டாள். "உன் ஆள் உறைப்புக்காரன்" என்றாள். பேணியை அப்படியே கொடுத்துவிட்டேன். அவள் ஒரு கடதாசிச் சுருள் தந்தாள், உள்ளே புகையில் உலர்த்திய மீன். வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு விடுவதில்லையாம்.

பஸ்ஸில் டோ.: "எங்கே போனீர்கள், டியர்? பயந்துவிட்டேன்." நிஜமாகவே பயந்துதான் இருந்தாள்.

கப்பலுக்கு வந்து மத்தியானம் சோறு சாப்பிட்டேன். மீன் நாளைக்கு, விரதம் முடிந்தபிறகு.

ஜூன் 9, வியாழன்

கடல். மழை. மீனில் பாதி டோ.வுக்கு. கெவினுக்குப் பிடித்திருக்கும் என்றாள். கேட்டுக்கொண்டிருந்தேன், எரிச்சல் வரவில்லை. அறைக்கு வந்தால் இரண்டு கட்டிலும் விரித்திருக்கிறது. தனிமை அப்படியேதான் இருக்கிறது, ஒரு குண்டுமணியும் குறையவில்லை.

ஜூன் 10, வெள்ளி

வெயில்! கடுங்குளிர். பனிமலைக்கு முன்னால் கப்பலை நிறுத்திவிட்டார்கள். நீல நிறம், வெள்ளை இல்லை, இவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எல்லோரும் தளத்தில், கம்பியோரம் எனக்கும் டோ.வுக்கும் இடம். கோட் பைக்குள் கை விட்டால் மஞ்சள் காகிதச் சுருள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இடி மாதிரி ஒரு சத்தம், ஒரு வீடளவு பனி கழன்று தண்ணீருக்குள் போயிற்று. எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

சிவபாதம், அங்கை பாருங்கோ!