மேட்டுத் தோட்டம், பள்ளக் கிணறு

அக்கராயன்,
06.03.2024

அண்ணா அவர்களுக்கு,

உங்கள் தங்கை இராசமலர் எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. மூன்று முறை தொலைபேசி எடுத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுப் படலைக்கு வந்தேன். "அவர் வெளியில போயிட்டார்" என்றார் அண்ணி. உங்கள் சைக்கிள் முற்றத்தில் நின்றது.

போன மாதம் என் மகள் தேனுகாவின் கைக்குழந்தைக்கு உதடும் நகமும் நீலமாகிப்போயின. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "பால்மா கரைக்கிற தண்ணி எங்கத்தையான்?" என்றுதான்.

"எங்கட கிணத்துத் தண்ணிதான் டொக்டர். நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறனான்" என்றாள் தேனுகா.

பசளையிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாதாம், தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடுமாம். சின்னப் பிள்ளையின் இரத்தத்தில் ஒட்சிசனை ஓடவிடாதாம். நாலு நாள் வைத்திருந்து பிள்ளையைத் திருப்பித் தந்தார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரைச் சோதிக்க அனுப்பினார். லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம்தான் எல்லை. எங்கள் கிணற்றில் தொண்ணூற்றாறு. உங்கள் மிளகாய்த் தோட்டம் மேட்டில், எங்கள் கிணறு பள்ளத்தில். நீங்கள் யூரியா எறிந்துவிட்டு இறைக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று நினைத்தீர்கள்?

இராசமலர்


11.03.2024

இராசமலருக்கு,

கிணற்றுத் தண்ணீரில் என் பெயரா எழுதியிருக்கிறது? குளத்துக்குக் கீழே எல்லா வயலிலும்தான் பசளை போடுகிறார்கள். உன் மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து முப்பது அடி. அதைப் பரிசோதகரிடம் சொன்னாயா?

அரசாங்கம் பசளையை நிறுத்திய வருடம் எனக்குப் பாதி நெல்லும் விளையவில்லை. அப்போதும் "அண்ணை, ரெண்டு மூட்டை நெல்லுத் தாங்கோ" என்று வந்து நின்றது யார்? மீளக்குடியேறி வந்தபோது அந்த மேடு வெறும் பற்றைக்காடு. அதை இறைத்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன்.

பிள்ளைக்குச் சுகம் என்று கேள்விப்பட்டேன். அது போதும். இனி எழுதாதே.

செல்வநாயகம்


02.05.2024

அண்ணா அவர்களுக்கு,

குழியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை மூடிவிட்டுப் பின்வளவில் தூரத்தில் புதிதாக வெட்டினோம். பிறகு தண்ணீரைத் திரும்பவும் சோதித்தோம். நூற்றெட்டு. இடையில் நீங்கள் மூன்று முறை யூரியா எறிந்தீர்கள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினேன். கமநல நிலையத்தில் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு என்று உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவரே சொல்கிறார்.

நெல் தந்தீர்கள், மறக்கவில்லை. அதற்காக என் பேரப்பிள்ளை நீலமாகவேண்டுமா? அந்த நாலு நாளும் ஊரே ஆஸ்பத்திரிக்கு வந்துபோனது. தாய்மாமன் நீங்கள் வரவில்லை. தேனுகா ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தாள்.

இணக்கசபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். ஜூன் 22 விசாரணைக்குத் தவணை.

இராசமலர்


19.06.2024

இராசமலர்,

கூடப்பிறந்தவனைச் சபைக்கு இழுத்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு ஆறாது.

சிவதர்சினி பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கிறாள். எட்டு மாதம். "அப்பா, எங்கட கிணத்தையும் சோதிச்சுப் பாத்தனீங்களோ?" என்று ஒரே கரைச்சல். அவள் வாயை அடைக்கத்தான் தண்ணீரைக் கொடுத்தேன். நேற்றுக் கடதாசி வந்தது. நூற்று நாற்பத்துமூன்று. அவளிடம், தண்ணீரில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அளவுக்கு மேல் போட்டது உண்மை. குறைத்தால் காய் சிறுத்துவிடும் என்ற பயம்.

பிரதேச சபை உன் வளவில் தண்ணீர்த் தாங்கி வைத்து, பவுசர் வண்டியில் கொண்டுவந்து நிரப்புகிறதாம். ஒரு நாளைக்கு ஒரு குடம் தந்தால் போதும். முறைப்பாட்டை எடுத்துவிடு. வீட்டுக்குள் கதைத்து முடிப்போம்.

அண்ணை


20.06.2024

அண்ணா அவர்களுக்கு,

ஒரு குடமல்ல, இரண்டு எடுங்கள். சிவதர்சினியிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

முறைப்பாட்டை எடுக்கமாட்டேன். சனிக்கிழமை அந்தக் கடதாசியோடு சபைக்கு வாருங்கள். மேட்டில் நீங்கள் எறிவதைக் குறைக்காமல் எத்தனை பவுசர் வந்தும் பயனில்லை.

தண்ணீருக்குச் சிவதர்சினியை வயிற்றோடு அனுப்பவேண்டாம். அண்ணியையும் அனுப்பவேண்டாம். நீங்களே வாருங்கள். தேனுகாதான் நிரப்பித் தருவாள், பிள்ளை அவள் இடுப்பில் இருக்கும். அவளுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள்.

இராசமலர்